ஸ்கோப் குமிழ் சொல்வது உண்மையா? தூக்குநூலும் உருக்கு நாடாவும் கொண்டு பார்க்கும் முறை

கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன் ஒருநாள் இரவு உப்புவெளி வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். அவனுக்கு அப்போது காலை. முகம் வாடியிருந்தது. "மாமா, நூறு மீற்றரில பொட்டிலயே விழுது. தொள்ளாயிரம் யாருக்குப் போனால் ஒரு சாண் கீழ விழுது. என்ன பிழை எண்டே தெரியேல்ல" என்றான். (யார் என்பது தமிழ்நாட்டில் சொல்லும் கஜம்.)

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் துவக்கு என்ற சொல் காதில் விழுந்தாலே மனம் கனக்கும். எனக்கும் அப்படித்தான். அவன் செய்வது வேறு. தொலைவில் நிற்கும் காகிதத்தில் வட்டத்துக்குள் ஓட்டை போடும் விளையாட்டு. நான் துவக்குப் பிடித்தவன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் நில அளவை வேலையில், கோணம் அளக்கும் தியோடலைட்டும் மட்டம் பார்க்கும் லெவலும் தூக்கித் திரிந்தவன். ஆனால் அவன் சொன்ன நோய் எனக்குப் பழக்கமான நோய். கிட்டத்தில் தெரியாமல் ஒளிந்திருந்து தூரம் போகப் போகப் பெருகும் பிழை கருவிப்பிழையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. லெவல் கருவியிலும் இதேதான்: பத்து மீற்றரில் ஒன்றும் தெரியாது, எண்பது மீற்றரில் அத்திவாரம் சரிந்துவிடும்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் அங்கே ஸ்கோப்பை (துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை) வைத்து, நான் இங்கே என் பழைய தியோடலைட்டை முற்றத்தில் நிறுத்தி. புதிதாக நெடுந்தூரக் குறிபார்த்தலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுவதால், தெரிந்தவர்கள் சில இடங்களைத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஒரு விஷயம். பாடசாலையில் 10 மீற்றர் எயார் ரைபிள் பழகும் பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக தெஹானி எகொடவெல கலந்துகொண்ட போட்டி அதுதான். அதில் தொலைநோக்கி பூட்ட அனுமதி இல்லை, துளைக் குறிகாட்டி மட்டுமே. நான் பேசுவது எஃப் கிளாஸ் போன்ற போட்டிகளைப் பற்றி. கனடாக்காரரான ஜோர்ஜ் ஃபார்கர்சன் தொடங்கிவைத்ததால் அவர் பெயரின் முதலெழுத்தே அதன் பெயராகிவிட்டது. படுத்தபடி, முன்னால் தாங்கி வைத்து, ஸ்கோப் பூட்டி, 1000 யார் வரை சுடுவார்கள். மருமகன் சுடுவது அதில் எஃப்.ரி.ஆர். என்ற பிரிவு, ஸ்கோப்போடு சேர்த்து துவக்கு 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது.

குமிழில் எழுதியிருப்பது என்ன அளவு

ஸ்கோப்பின் மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். சுடுபவர்கள் டரெட் என்பார்கள். மேல் குமிழ் ஏற்ற இறக்கத்துக்கு, பக்கக் குமிழ் காற்றுக்கு. திருகும்போது 'கிளிக், கிளிக்' என்று பல் விழும். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு சிறிய கோணம். நீளம் அல்ல, கோணம். புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

அந்தக் கோணத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று மில்ரேடியன், சுருக்கமாக மில். தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர், 1000 மீற்றரில் 1 மீற்றர். பெரும்பாலும் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர். இரண்டாவது எம்.ஓ.ஏ. நாம் பாடசாலையில் படித்த கலைதான் அது, ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 100 மீற்றரில் 29.1 மில்லிமீற்றர், 100 யாரில் 1.047 அங்குலம். 1 மில் என்பது 3.438 கலை.

அந்த 1.047 என்பதைப் பலர் 1 அங்குலம் என்று வட்டமாக்கிவிடுகிறார்கள். சில ஸ்கோப்புகளே '100 யாருக்கு 1 அங்குலம்' என்ற கணக்கில் செய்யப்பட்டு வருகின்றன. 0.047 தானே என்று விட முடியாது. 1000 யாரில் 30 கலை ஏற்றினால் உண்மையான கலை 314 அங்குலம். வட்டமாக்கிய கலை 300 அங்குலம். பதினான்கு அங்குல வித்தியாசம், கருவியில் ஒரு பிழையும் இல்லாமலே. ஆகவே உங்கள் ஸ்கோப்பின் கையேட்டை எடுத்து அது எந்த அளவில் செய்யப்பட்டது என்று முதலில் பாருங்கள். கையேடு இல்லை என்றாலும் பரவாயில்லை, கீழே சொல்லும் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, நூறு மீற்றரில் பொட்டில் விழுவதை நம்பி ஏன் இருக்கக் கூடாது? 100 மீற்றரில் சன்னம் பொட்டில் விழும்படி திருத்தி, அதைப் பூச்சியம் என்று வைத்தபின் அங்கே நீங்கள் குமிழைத் திருகுவதே இல்லையே. திருகாத குமிழ் பொய் சொல்ல முடியாது. 900 யாருக்கு மருமகன் திருகியது 9 மில். குமிழ் நூற்றுக்கு இரண்டரை குறைவாக நகர்ந்தால் 0.225 மில் குறையும். 823 மீற்றரில் அது பதினெட்டரை சென்ரிமீற்றர். அவன் சொன்ன ஒரு சாண்.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்வதை அவனும் செய்திருந்தான். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு திருக வேண்டும் என்று சொல்லும், தொலைபேசியில் இருக்கும் கணிப்புச் செயலியில் சன்னத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, 900 யார் கணக்கைச் சரிவர வைத்துவிட்டான். அன்றைக்கு விழுந்தது. ஆனால் அது நோயை மறைக்கும் மருந்து. ஒரு தூரத்துக்குப் பொருத்திய பொய் வேகம் மற்றத் தூரங்களில் மெல்ல விலகும். காற்றுக்கான கணக்கையும் சேர்த்துக் கெடுக்கும். வேகம் பிழையா, குமிழ் பிழையா என்று பிரித்துப் பார்க்க ஒரே நல்ல வழி, வேகத்துக்கு வேலையே இல்லாத கிட்டத் தூரத்தில் குமிழை மட்டும் அளந்து பார்ப்பது.

அளவுகோலை முதலில் அளவுங்கள்

இதில்தான் நான் அதிகம் பேசப்போகிறேன், மன்னிக்க வேண்டும். ஸ்கோப்பைச் சோதிக்கிறோம் என்று நினைத்து நாடாவின் பிழையை ஸ்கோப்பின் தலையில் கட்டுவது மிகவும் இலகு.

கணக்கு எளிது. தூரத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் விடையிலும் நூற்றுக்கு ஒன்று பிழைக்கும். 100 மீற்றரில் 1 மீற்றர் தவறினால், 10 மில் சோதனையில் ஒரு முழுக் கிளிக் அளவு பொய் வந்துவிடும். அதனால் சுடுதளத்தில் நட்டிருக்கும் '100' பலகையை நம்பாதீர்கள். அது யாராகவும் இருக்கலாம். 100 யார் என்பது 91.44 மீற்றர்தான். கையடக்க லேசர் தூரமானிகள் பலவும் ஒரு மீற்றர் அங்கே இங்கே காட்டக் கூடியவை. வேட்டைக்கு அது போதும், இந்த வேலைக்குப் போதாது.

உருக்கு நாடா வேண்டும். 50 மீற்றர் நாடா இருந்தால் இரண்டு தடவை போடுங்கள், நடுவில் ஆணி அடித்து. இழுத்துப் பிடித்து, தரையோடு தரையாக. ஸ்கோப்பின் முன்கண்ணாடியிலிருந்து காகிதம் வரை. நில அளவையில் சரிவில் அளந்ததைக் கிடைத்தூரமாக மாற்றுவோம். இங்கே மாற்றக் கூடாது. கண்ணாடியிலிருந்து காகிதத்துக்குப் போகும் நேர்க்கோட்டின் நீளமே நமக்குத் தேவை. பத்து, பதினைந்து சென்ரிமீற்றர் பிழை இருந்தால் கவலையில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருமகனுக்கு அனுப்பும் முன் முறையை நானே பார்த்துவிடலாம் என்று, வீட்டு மதிலில் 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, 50 மீற்றர் தள்ளித் தியோடலைட்டை நிறுத்தினேன். அந்தத் தூரத்தில் 50 சென்ரிமீற்றர் என்பது சரியாக 10 மில்; பாகைக் கணக்கில் 34 கலை 23 விகலை (ஒரு கலையில் அறுபதில் ஒன்று விகலை). என் கருவி 20 விகலை வரைதான் வாசிக்கும், ஆக 34 கலை 20 விகலை காட்ட வேண்டும். காட்டியது 34 கலை மட்டும். மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதே 34. கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு யோசித்து, அளந்த நாடாவைப் பார்த்தேன். துணி நாடா. வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருந்தது. உருக்கு நாடாவை வைத்தபோது, நான் 50 என்று நினைத்த இடம் ஐம்பதரை மீற்றர். ஆணியைப் பிடுங்கி அரை மீற்றர் முன்னால் வைத்தேன். அடுத்த வாசிப்பு 34 கலை 20 விகலை. அந்தத் துணி நாடாவை அன்றே எறிந்துவிட்டேன்.

காகிதமும் அப்படித்தான். கணினியில் அச்செடுத்தால் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவு அளவைச் சுருக்கிவிடும். கையால் கோடு போடுவதே மேல். சுவர்த்தாள் சுருள் அல்லது மட்டை எடுங்கள். ஒன்றரை மீற்றர் நீளம். உருக்கு அடிமட்டம் வைத்து, பூச்சியத்திலிருந்து ஒரே தொடர்ச்சியாக ஒவ்வொரு மில்லுக்கும் கோடு. 100 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இடைவெளி. 50 மீற்றருக்கு 5. கோட்டின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் போதும்.

கோடு நேர்குத்தாக நிற்க வேண்டும். மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் நம்மூரில் கடற்கரைக் கடையில் கிடைக்கும் நைலோன் தூண்டில் நூலும் ஈயக்குண்டும் போதும். காகிதத்தின் மேல் விளிம்பில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் வழியே இரண்டு இடத்தில் புள்ளி வைத்து, அதை இணையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் என் நூல் நிற்கவே நிற்காது. அதற்கு ஒரு பழைய கை வைத்தியம்: ஒரு வாளி தண்ணீருக்குள் குண்டு முழுவதும் மூழ்கும்படி விடுங்கள். அரை நிமிடத்தில் ஆட்டம் அடங்கிவிடும்.

சுடாமல் செய்யும் சோதனை

இதை ஸ்கோப்பை மட்டும் வைத்துச் செய்யலாம், துவக்கே தேவையில்லை. எனக்குப் பிடித்த பாகமும் இதுதான், ஏனென்றால் மூச்சு, கை, விரல், ரவை எதுவும் இடையில் வராது.

ஸ்கோப்பை அதைத் தாங்கிப் பிடிக்கும் வளையங்களோடு ஒரு கனமான இரும்பில் பூட்டி, அசையாத மேசையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மருமகன், வளையங்கள் பூட்டப்படும் ஒரு சிறிய ரெயில் துண்டைத் தடித்த இரும்புக் கோணத்தில் திருகாணியால் பூட்டி, அதை மேசை இடுக்கியில் பிடித்தான். துவக்கோடு செய்வதென்றால் ரவைக்கூட்டைக் கழற்றி, போல்டை (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை) வெளியே எடுத்து மேசையில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி வையுங்கள். அதுவும் சுடுதளத்தில், அங்கிருக்கும் பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு மட்டும்.

பின் கண்ணாடியைத் திருகி, குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு பக்கத்திலிருக்கும் குவியக் குமிழால் காகிதத்தைக் கூர்மையாக்குங்கள். இப்போது தலையை மெல்ல மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். காகிதத்தின் மேல் குறுக்குக்கோடு ஊர்ந்தால் இடமாறு தோற்ற வழு இருக்கிறது. ஊராமல் ஒட்டி நிற்கும் வரை குவியக் குமிழைத் திருத்துங்கள். இதைச் செய்யாமல் எடுத்த எந்த வாசிப்பும் வாசிப்பல்ல.

அடுத்து மட்டம். ஸ்கோப்பின் நிலைக்கோடு காகிதத்தின் தூக்குநூல் கோட்டோடு முழு நீளத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தியபின் வளையங்களை இறுக்குங்கள், ஆனால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். பல வளையங்களுக்கு 2 நியூற்றன் மீற்றரைச் சுற்றித்தான் சொல்லியிருப்பார்கள். பலம் காட்டி இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் பாகம் சிக்கும். அப்புறம் நல்ல ஸ்கோப்பும் கெட்ட ஸ்கோப் மாதிரி நடக்கும்.

இப்போது குறுக்குக்கோட்டைக் காகிதத்தின் *மேல்* முனையில் உள்ள பூச்சியக் கோட்டில் வையுங்கள். மேலே ஏன்? ஸ்கோப் அசையாமல் இருக்கும்போது, குமிழை 'ஏற்று' என்ற பக்கம் திருகினால் குறுக்குக்கோடு கீழே இறங்கும். கீழே இறங்கிய கோட்டை மீண்டும் பொட்டுக்குத் தூக்க, சுடுபவர் குழலை உயர்த்துவார், சன்னம் மேலே போகும். அதுதான் ஏற்றம். மருமகன் முதல்நாள் அடியில் தொடங்கி, கோடு காகிதத்தை விட்டே போய்விட்டது என்று பதறினான்.

ஒரு கையால் மேசையை அசைக்காமல் ஒரு மில்லாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மில்லிலும் நிறுத்தி, கோடு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். 10 மில் போனதும் அதே மாதிரி இறங்கி வாருங்கள், இறங்கும்போதும் எழுதுங்கள். கடைசியில் பூச்சியத்துக்கு வரும்போது கோடு முதலில் நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அவசரப்பட்டு ஸ்கோப்பைத் திட்ட வேண்டாம். இடுக்கி, வளையம், ரெயில் திருகாணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள். என் அனுபவத்தில் லெவல் கருவி 'பிழைத்த' நாட்களில் பாதிக்கு மேல் பிழைத்தது முக்காலிதான்.

எழுதிய பட்டியலில் நான்கு விஷயம் பாருங்கள். மொத்த நகர்வு எவ்வளவு. ஒவ்வொரு மில்லும் ஒரே அளவா, அல்லது இடையில் எங்காவது தாவுகிறதா. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா. உள்ளே இருக்கும் சுருள்வில் சோர்ந்திருந்தால் இங்கே தெரியும். கடைசியாக, மேலும் கீழும் போகும்போது கோடு தூக்குநூல் கோட்டிலேயே நடக்கிறதா, பக்கவாட்டில் விலகுகிறதா.

பிறகு ஒரு சதுரம். 5 மில் ஏற்றி, 5 வலப்பக்கம், 5 இறக்கி, 5 இடப்பக்கம். தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். பலர் இந்தச் சதுரத்தை மட்டும் செய்துவிட்டு, ஸ்கோப் நல்லது என்று எழுந்துவிடுகிறார்கள். அது போதாது. நூற்றுக்கு ஐந்து குறைவாக நகரும் குமிழும் அழகான சதுரம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும். சதுரம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். அளந்தால்தான் தெரியும்.

ஒரு சிறு குறிப்பு. உருப்பெருக்கத்தை மாற்றும்போது குமிழின் அளவு மாறாது. ஆனால் சில ஸ்கோப்புகளில் குறுக்குக்கோட்டில் கீறியிருக்கும் அளவுகள் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே சரி. அதனால் குமிழை அந்தக் கீறல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சோதனை என்று எண்ண வேண்டாம். காகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மருமகனுக்கு 50 மீற்றரில் 10 மில் திருகக் கிடைத்தது 48.7 சென்ரிமீற்றர். ஐம்பது வந்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கணக்கு, பூச்சியத்துக்கும் ஒழுங்காகத் திரும்பியது. வீடியோவில் அவன் அடிமட்டத்தைக் கமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். கோடு 48க்கும் 49க்கும் நடுவே, கொஞ்சம் மேலே. அவ்வளவு நேரம் வேகத்தையும் காற்றையும் தன் விரலையும் குற்றம் சொன்னவன், ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலும் கானலும்

நிலாவெளி மணலில் மத்தியானம் லெவல் பிடித்தவர்களுக்குத் தெரியும்: அளவுப் பலகையில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். சூடான தரைக்கு மேலே ஒளி வளைந்துதான் வரும். ஸ்கோப்பில் உருப்பெருக்கம் கூட இருப்பதால் இன்னும் மோசம். விடியற்காலை, வெயில் ஏறுமுன் செய்யுங்கள், அல்லது மேகம் மூடிய நாளில். பார்வைக்கோடு தரையை ஒட்டிப் போகாமல் ஒரு மீற்றராவது உயரத்தில் போகட்டும்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: காலைச் சூரியன் கடலிலிருந்து நேரே எழும். அந்தப் பக்கம் ஸ்கோப்பையோ எந்தத் தொலைநோக்கியையோ திருப்பி எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். அதோடு, நம்மூரில் துறைமுகம், கடற்படைத் தளம், கோட்டை இருக்கும் திசைகளை நோக்கி எதையும் நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டாம். நான் தியோடலைட்டைக்கூட மதிலைப் பார்த்தபடிதான் வைத்தேன். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். கீழே வரும் பாகம் அனுமதியோடு, அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் சுடுபவர்களுக்கு மட்டுமானது.

சுட்டுப் பார்க்கும் சோதனை

சுடாமல் பார்த்தது போதாதா என்று கேட்கலாம். ஓரளவு போதும். ஆனால் அதிர்ச்சி வரும்போது ஸ்கோப் எப்படி நடக்கிறது என்பது அதில் தெரியாது. மேசையில் ஒழுங்காக நின்ற சுருள்வில் வெடியில் நழுவலாம்.

அதே நீளக் காகிதம், அதே தூக்குநூல் கோடு, உருக்கு நாடாவால் அளந்த 100 மீற்றர். இம்முறை குறிப்பொட்டு *அடியில்*. பின்னால் உள்ள மண்மேடு காகிதத்தின் உச்சிக்கும் மேலே போகிறதா என்று பாருங்கள். ஒரு மீற்றர் உயரே சுடப்போகிறீர்கள். ஸ்கோப்பில் சிறிய குமிழி மட்டம் ஒன்று பூட்டி, நிலைக்கோடு தூக்குநூலோடு பொருந்தும்போது குமிழி நடுவில் நிற்கும்படி திருத்திவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம்.

பூச்சியத்தில் ஐந்து வெடி. குமிழை 10 மில் ஏற்றி, *அதே அடிப்பொட்டை* குறிபார்த்து ஐந்து வெடி. திரும்பப் பூச்சியத்துக்கு வந்து இன்னும் ஐந்து. மேலே விழுந்த கூட்டத்தின் நடுவுக்கும் கீழே விழுந்த கூட்டத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். ஒற்றை ஓட்டையிலிருந்து ஒற்றை ஓட்டைக்கு அளக்க வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையின் உயரத்தையும் எழுதி, கூட்டி ஐந்தால் வகுத்தால் நடு கிடைக்கும். ஓட்டைகள் அகலச் சிதறும் துவக்கென்றால் ஐந்துக்குப் பதில் பத்து வையுங்கள். கடைசி ஐந்து, முதல் ஐந்தோடு கலந்து விழுந்தால் குமிழ் பூச்சியத்துக்கு நேர்மையாகத் திரும்புகிறது.

மருமகனுக்கு வந்தது 97.5 சென்ரிமீற்றர். 97.5ஐ 100ஆல் வகுத்தால் 0.975. மேசையில் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்ததும்தான் நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

மேல் கூட்டம் தூக்குநூல் கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பாகை சரிந்து பிடித்தால் 10 மில்லுக்கு 0.17 மில் பக்கவாட்டில் ஓடும். காகிதத்தில் 1.7 சென்ரிமீற்றர்தான், ஆனால் 1000 மீற்றரில் 17 சென்ரிமீற்றர். காற்று என்று நினைத்துப் பலர் திருத்திக்கொண்டிருக்கும் விலகலில் ஒரு பங்கு இதுவாக இருக்கும். மேசைச் சோதனையில் கோடு நேராக நடந்து, இங்கே மட்டும் விலகினால் பிழை ஸ்கோப்பில் இல்லை, பிடிப்பில்.

கிடைத்த எண்ணை என்ன செய்வது

பிழை ஒரே சீராக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தேவையான ஏற்றத்தை உங்கள் எண்ணால் வகுத்துவிடுங்கள். 9 மில் வேண்டுமென்றால் 9 ÷ 0.975 = 9.23, குமிழில் 9.2 வையுங்கள். 5 மில்லுக்கு 5.1. பல கணிப்புச் செயலிகளில் ஸ்கோப்புக்கான திருத்தம் போட ஓர் இடம் உண்டு. அங்கே போட்டுவிட்டு, முன்பு மாற்றிய வேகத்தை மறக்காமல் உண்மையான வேகத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடந்தால் இப்போது மேலே விழும். பக்கக் குமிழையும் தனியாக அளவுங்கள், காகிதத்தைக் கிடையாகத் திருப்பி. அதன் எண் வேறாக இருக்கலாம்.

சில பேர் நூற்றுக்கு இரண்டு பிழை என்றதும் ஸ்கோப்பை விற்றுவிடுகிறார்கள். எனக்கு அது வீண் செலவாகப்படுகிறது. எவ்வளவு பிழை என்று தெரிந்த கருவி நல்ல கருவி. நாங்கள் வேலை செய்த காலம் முழுவதும் நாடாவுக்கும் கருவிக்கும் திருத்தம் போட்டுத்தான் காணி அளந்தோம். ஆனால் பூச்சியத்துக்குத் திரும்பாத ஸ்கோப், இடையில் தாவும் ஸ்கோப், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் சொல்லும் ஸ்கோப் ஆகியவற்றுக்கு எந்தத் திருத்தமும் போட முடியாது. உத்தரவாதக் காலம் இருந்தால் எழுதிய பட்டியலோடு திருப்பி அனுப்புங்கள். பட்டியல் இருந்தால் கடைக்காரருக்கும் வாதாட இடமிருக்காது.

குமிழின் கடைசி எல்லைவரை போய்ச் சோதிக்க வேண்டியதில்லை. குழாய் வட்டமானது, உச்சிக்குப் போகும்போது பக்கவாட்டில் நகர இடம் குறைந்துவிடும், அங்கே வரும் விசித்திரங்கள் எல்லாம் பிழையல்ல. நீங்கள் போட்டியில் திருகும் எல்லைக்குச் சற்று மேலே வரை பார்த்தால் போதும்.

ஸ்கோப்பைக் கழற்றிப் பூட்டினால், கீழே விழுந்தால், விமானத்தில் போய் வந்தால் மறுபடி செய்யுங்கள். ஒன்றும் நடக்காவிட்டாலும் பருவம் தொடங்குமுன் ஒருமுறை. கடலோரத்தில் இருப்பவர்கள் குமிழ் மூடிகளைத் துடைத்து உலர வைத்து மூடுங்கள். உப்புக்காற்று பித்தளையையும் விடாது.

மருமகன் 0.975 என்ற எண்ணைச் சிறிய வெள்ளை நாடாவில் எழுதி, துவக்கின் கட்டையில், கன்னம் படும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒட்டி வைத்திருக்கிறான். அதன் கீழே சோதித்த தேதி. அந்தத் தேதி பழசாகும்போது எனக்கு அழைப்பு வரும், நானும் இங்கே வாளியில் தண்ணீர் நிரப்புவேன்.